ஜி.ஆர்.இ. எழுதணுமா, டீச்சர்?

வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகள் பற்றி வந்த கடிதங்களுக்கு, மதுரையில் 2007 முதல் ஜி.ஆர்.இ. (மேற்படிப்புக்கான பொதுத் தகுதித் தேர்வு), டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) பாடம் நடத்திவரும் ஆசிரியை இங்கே பதில் சொல்கிறார்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. சீனியர் ஒருவர் 3,500 வார்த்தைகள் உள்ள பட்டியலைக் கொடுத்து, ‘இதை மனப்பாடம் பண்ணாமல் வெர்பல் (ஆங்கிலப் பகுதி) பக்கமே போகாதே’ என்கிறார். 400 வார்த்தையிலேயே நிற்கிறேன். எனக்கு இது சரிப்பட்டு வருமா?
– மாணவர், விருதுநகர்

தம்பி, அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அப்படி ஒன்றை நானும் உருப்போட்டவள்தான். ஆனால் 2004-ல் நான் எழுதிய தேர்வு வேறு. எதிர்ச்சொல் என்ன, இந்த ஜோடிக்கு இணையான ஜோடி எது என்று தனிச் சொல்லை வைத்தே கேட்பார்கள். 2011-ல் அந்த இரண்டு வகைக் கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் 800-க்கு மதிப்பெண் போட்டதும் போய், 130 முதல் 170 வரை என்று ஆனது. பட்டியல் மட்டும் கைமாறிக் கைமாறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்பது வாக்கியத்தின் போக்கை. ஒரு சொல்லைப் பாருங்கள்: ‘குவாலிஃபைட்’. தகுதி பெற்றவர் என்றுதானே நமக்குத் தெரியும்? ஒரு விமர்சகர் ஒரு நாவலுக்கு ‘குவாலிஃபைட்’ பாராட்டு வழங்கினார் என்று ஜி.ஆர்.இ.யில் வந்தால், அவர் முழு மனதோடு பாராட்டவில்லை, ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா...’ என்று இழுத்தார் என்று அர்த்தம். ‘சாங்ஷன்’ இன்னொன்று. வங்கியில் லோன் சாங்ஷன் ஆனால் அனுமதி. ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் போட்டால் தடை. ஒரே சொல், இரண்டு எதிர்த் திசை. என் வகுப்பில் மாணவர்கள் சறுக்குவது வாயில் நுழையாத சொற்களில் இல்லை. இப்படித் தெரிந்த முகமாக வந்து நிற்கும் சொற்களில்தான்.

ஆகவே ஒரு நாளைக்குப் பத்து சொல் போதும். ஒவ்வொன்றையும் நீங்கள் படித்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். தினம் ஒரு ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, ‘இருந்தாலும்’, ‘ஆகவே’, ‘மாறாக’ என்ற பொருளில் வரும் இணைப்புச் சொற்களை மட்டும் வட்டம் போடுங்கள். கோடிட்ட இடத்தில் என்ன வர வேண்டும் என்பதை முதலில் தமிழிலேயே மனசுக்குள் சொல்லிப் பாருங்கள், அப்புறம் விடைகளைப் பாருங்கள். தமிழ் வழியில் படித்த பலர் இந்த இடத்தில் மற்றவர்களை முந்திப் போவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். அவர்கள் வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கிறது. தாராளமாகப் போதும்.

என் மகள் கோவையில் பயோடெக்னாலஜி கடைசி வருடம். அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்க ஆசை. பயிற்சி மையத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள். இப்போது ஜி.ஆர்.இ. தேவையே இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பணத்தைக் கட்டுவதா, வேண்டாமா?
– தந்தை, திருப்பூர்

ஐயா, கட்டாதீர்கள். முதலில் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

அமெரிக்காவில் ஜி.ஆர்.இ. வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் அந்தந்தத் துறைதான் முடிவு செய்யும். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துக் கட்டடத்தில் உள்ள துறை கேட்காது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் மின்னியல், கணினித் துறை ஜி.ஆர்.இ. கேட்பதில்லை. உங்கள் மகளுடைய உயிரியல் பக்கம்தான் இந்தத் தேர்வை முதலில் கைவிட்ட பக்கம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உயிர் மருத்துவம் படித்த பிஎச்.டி. மாணவர்களை வைத்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. யார் படிப்பை முடிப்பார்கள், யார் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிடுவார்கள் என்பதை ஜி.ஆர்.இ. மதிப்பெண் காட்டவில்லை என்று அது சொன்னது. அப்புறம் 2020-ல் கொரோனா வந்து தேர்வு மையங்கள் மூடியதும் இன்னும் பல துறைகள் விட்டுவிட்டன.

மகளை ஒரு நாள் உட்கார்ந்து, தான் விரும்பும் பத்துத் துறைகளின் சேர்க்கைப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம்: கட்டாயம், விருப்பப்பட்டால், தேவையில்லை, அனுப்பினாலும் பார்க்க மாட்டோம். கடைசி இரண்டிலேயே பெரும்பாலும் விழுந்தால் ஜி.ஆர்.இ.யை மறந்துவிடலாம். தேர்வுக் கட்டணம் மட்டுமே இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. அந்தப் பணம் விண்ணப்பக் கட்டணங்களுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் உதவும்.

‘விருப்பப்பட்டால்’ என்ற கட்டத்தில் நிறைய வந்தால்தான் யோசிக்க வேண்டும். கல்லூரி மதிப்பெண் சுமாராக இருந்து, கணக்கில் அவள் கெட்டி என்றால் எழுதலாம். மதிப்பெண் நன்றாக இருந்து, புராஜெக்ட் செய்த பேராசிரியர் மனம் திறந்து பரிந்துரைக் கடிதம் தருவார் என்றால், பிஎச்.டி.க்கு அந்தக் கடிதம்தான் எடை. எழுதுவது என்று முடிவானால்கூட, தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே முழு நீள மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அதில் ஒன்றை எழுதிவிட்டு எங்கே குறைகிறது என்று பாருங்கள். கோச்சிங் நடத்துகிறவள் இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். தேவையில்லாத தேர்வுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய அப்பாக்களை என் வகுப்பு வாசலிலேயே பார்த்திருக்கிறேன். இன்னும் மனசு ஆறவில்லை.

சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான். குடும்பப் பெயர் இடம் காலி. எதைப் போட்டுப் பதிவு செய்வது?
– வாசகி, தென்காசி

பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. தேர்வு நாளில் இந்தியாவில் காட்ட வேண்டிய அடையாளம் பாஸ்போர்ட்தான். ஆதாரை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

என் மாணவி ஒருத்தி மார்க் ஷீட்டில் உள்ளபடி அப்பா பெயரைச் சேர்த்துப் பதிவு செய்திருந்தாள். பாஸ்போர்ட்டில் அது இல்லை. காலை ஏழரை மணிக்கே மையத்துக்குப் போய், கைக்கடிகாரத்தையும் பையையும் லாக்கரில் வைத்த பிறகு, மேசையில் இருந்தவர் இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கட்டிய பணம் போனது. அன்று மாட்டுத்தாவணியில் இறங்கி நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் எந்தக் கட்டத்தில் என்ன நிரப்ப வேண்டும் என்ற குறிப்பைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். இன்னொன்று: ஒற்றைப் பெயரோடு போனால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றிலும் அது தொடரும். நேரம் இருந்தால், தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

வயது 31. ஐந்து வயதில் குழந்தை. 2019-ல் எழுதிய ஜி.ஆர்.இ., டோஃபல் மதிப்பெண்கள் செல்லுமா? மறுபடி எழுதினால் வீட்டிலிருந்தே எழுதலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

இரண்டும் காலாவதி ஆகிவிட்டன அம்மா. ஜி.ஆர்.இ.க்கு ஐந்து வருடம், டோஃபலுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். ஆனால் நீங்கள் எழுதியதைவிட இப்போது சின்னத் தேர்வு. மூன்றே முக்கால் மணி நேரம் ஓடிய ஜி.ஆர்.இ., 2023 செப்டம்பரிலிருந்து 1 மணி 58 நிமிடம். இரண்டு கட்டுரைக்குப் பதில் ஒன்று. டோஃபலும் 2026 ஜனவரியில் மாறி, 1 முதல் 6 வரை என்று மதிப்பெண் தருகிறது. பழைய 120 கணக்கையும் இப்போதைக்குச் சேர்த்தே காட்டுகிறார்கள்.

வீட்டில் எழுதலாம்தான். ஆனால் அறைக்கதவு மூடியிருக்க வேண்டும், வேறு யாரும் உள்ளே வரக் கூடாது, கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்ட வேண்டும். சாதாரணக் காகிதத்தில் கணக்குப் போட முடியாது. அழித்து எழுதும் சின்ன வெள்ளைப் பலகையோ, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு தாளோதான். ‘அம்மா’ என்று பிள்ளை கதவைத் தட்டித் திறந்தால் தேர்வே ரத்தாகலாம். பக்கத்தில் எந்த ஊரில் மையம் இருக்கிறதோ அங்கே போய் எழுதுங்கள். அந்த இரண்டு மணி நேரமாவது முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும்.

கணக்கில் 158, வெர்பலில் 149. மாதிரித் தேர்வில் கணக்கு 164 வந்தது. தெரியாத மூன்று கேள்விகளை மைனஸ் மார்க் பயத்தில் விட்டுவிட்டேன். மறுபடி எழுதலாமா? விண்ணப்பக் கடைசி நாள் டிசம்பர் 15.
– மாணவி, சேலம்

எழுதுங்கள். ஜி.ஆர்.இ.யில் மைனஸ் மார்க் கிடையாது! நீட், கேட் பழக்கம் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஒரு கேள்வியையும் வெற்றாக விடாதீர்கள். முதல் கணக்குப் பகுதியில் 12 கேள்வி, 21 நிமிடம். அதில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த பகுதியின் கடினத்தை முடிவு செய்கிறது கணினி. அங்கே விட்ட கேள்வி அடுத்த பகுதியையும் சேர்த்து இழுக்கும். கடினமானதைக் குறித்து வைத்துவிட்டு மேலே போய், அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம்.

பொறியியலுக்கு 158 குறைவுதான். எழுதுகிறவர்களில் கணக்கில் கெட்டிக்காரர்கள் அதிகம் என்பதால், 160 எடுத்தாலே ஏறக்குறைய நடுவரிசைதான். இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளை இன்னொரு தடவை பாருங்கள். எக்ஸ் பெரிதா, எக்ஸின் வர்க்கம் பெரிதா என்றால் உடனே வர்க்கம் என்று தட்டிவிடுகிறோம். எக்ஸ் அரை என்றால் வர்க்கம் கால்தான். ‘முடிவு செய்ய இயலாது’ என்பதே அங்கே விடை. பூஜ்யம், ஒன்று, பின்னம், மைனஸ் எண் என்று நான்கையும் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தால் இந்தப் பிழைகள் குறையும்.

இரண்டு தேர்வுக்கு நடுவில் 21 நாள் இடைவெளி வேண்டும். அதிகாரப்பூர்வ மதிப்பெண் வர எட்டிலிருந்து பத்து நாள். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நவம்பர் இரண்டாம் வாரத்துக்குள் ஒரு தேதியை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.