வளர்ந்தவர்கள்கூட ஹாரெம் காமெடி மங்காவை ஏன் விரும்பிப் படிக்கிறார்கள்?

"ஒரு அசட்டுப் பையன், அவனைச் சுற்றி ஐந்தாறு பெண்கள், எல்லோருக்கும் அவன்மேல்தான் காதல். இதில் என்ன சுவாரசியம்?" என்று ஹாரெம் காமெடி மங்காவைப் (ஜப்பானியப் படக்கதை) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தொனியைப் பார்த்தால், வீட்டில் தம்பியோ கணவரோ இதைப் படித்துத் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து எரிச்சலில் கேட்டது போலத் தெரிகிறது. பாவம், அவரைச் சந்தேகப்படாதீர்கள். நான் ஒரு பெண், முப்பத்தைந்தைத் தாண்டியவள், பட்டயக் கணக்காளர். நானும் படிக்கிறேன்.

இந்த வகைக் கதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதில் வரும் பெண்களைப் பற்றியே பேசுகிறார்கள். பரீட்சையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

கென் அகமாட்சுவின் 'லவ் ஹினா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 முதல் 2001 வரை வாரப் பத்திரிகையில் வந்து 14 தொகுதிகளான கதை. நாயகன் கெய்தாரோ, டோக்கியோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். சின்ன வயதில் ஒரு சிறுமிக்குக் கொடுத்த வாக்கு, அதற்காகத்தான் அந்தப் பல்கலைக்கழகமே வேண்டும் என்கிறான். அந்தச் சிறுமியின் முகம்கூட நினைவில்லை. பாட்டியின் பழைய வெந்நீரூற்று விடுதிக்குப் போனால், அது பெண்கள் தங்கும் விடுதியாக மாறியிருக்கிறது. அதற்கு இவன் மேலாளர் ஆகிறான். மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

நான் சி.ஏ. ஃபைனலில் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்த காலத்தில் இது என் கைக்கு வந்தது. அப்போது தி.நகரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். சி.ஏ. தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு தாளிலும் 40 எடுத்தால் மட்டும் போதாது, குரூப்பின் (சில தாள்கள் சேர்ந்தது ஒரு குரூப்) மொத்தத்தில் பாதியும் வேண்டும். மற்ற தாள்களில் நன்றாக எடுத்துவிட்டு ஒன்றில் 38 வாங்கினாலும் அந்த குரூப் போச்சு. எனக்கு அப்படித்தான் போனது. ரிசல்ட் பார்த்த அன்று ஊரிலிருந்து அம்மா, சித்தி, சித்தியின் சம்பந்தி என்று வரிசையாக போன். கடைசியில் போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அறைத்தோழி நாகர்கோவில்காரி, என்னைவிடச் சின்னவள், ஐ.டி.யில் வேலை. "அக்கா, சாப்பிடவும் வேண்டாம், பேசவும் வேண்டாம், இதைப் படிங்க" என்று அவளுடைய டேப்லெட்டை நீட்டினாள். (அதில் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பின்னால் அச்சுப் பிரதிகளைக் காசு கொடுத்தே வாங்கினேன், கணக்கு நேராகிவிட்டது.)

அதில் ஒரு இடம். நாரு என்ற பெண் நாடளாவிய மாதிரித் தேர்வுகளில் முதலிடம் வாங்குகிறவள். கெய்தாரோவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவளே அவள்தான். நுழைவுத் தேர்வு முடிவு வருகிறது. இவன் தோற்றதில் அதிசயம் இல்லை, அவளும் தோற்றுப்போகிறாள். இரண்டு பேரும் ஊரைவிட்டே கிளம்பிவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நான் எழுந்து உட்கார்ந்து ராத்திரி பதினொரு மணிக்குச் சிரித்தேன். அறைத்தோழி பயந்துவிட்டாள்.

கதையில் வரும் அந்த விடுதியில் யாரும் கெய்தாரோவை "அடுத்த தடவையாவது பாஸ் ஆவியா" என்று கேட்பதில்லை. அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள், வானத்தில் பறக்க விடுகிறார்கள். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு அவனுக்கும் ஒரு தட்டு இருக்கிறது. எங்கள் ஹாஸ்டலில் எட்டரை மணிக்கு மேல் போனால் சாம்பார்கூட இருக்காது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தபோது பார்த்தால், பல கதைகள் இதே மதிப்பெண் வேதனைதான். நெகி ஹருபாவின் 'ஐந்து சகோதரிகள்' மங்காவில் (ஜப்பானியப் பெயர் 'கோதோபுன் நோ ஹனயோமே') ஃபூதாரோ குடும்பக் கடனுக்காக ட்யூஷன் எடுக்கப் போகிறான். அங்கே ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து பேர். முதல் தேர்வில் அவர்கள் வாங்கியது 12, 20, 32, 8, 28. கூட்டிப் பாருங்கள், ஐந்து பேருக்கும் சேர்த்துச் சரியாக 100! கணக்கு பார்க்கிறவளுக்கு இதைவிட நல்ல நகைச்சுவை கிடைக்காது. தைஷி ட்சுட்சுயியின் 'போகுபென்'னிலும் அதே கூத்து: கணிதத்தில் புலியான பெண் உளவியல் படிப்பேன் என்கிறாள், இலக்கியத்தில் புலியானவள் வானியல் வேண்டும் என்கிறாள். இருவருக்கும் பிடித்த பாடம் வரவில்லை, வருகிற பாடம் பிடிக்கவில்லை.

இப்போது கமெண்டில் கிளம்பி வருவீர்கள், தெரியும். "பெண்களைக் கேவலப்படுத்தும் கதைக்கு ஒரு பெண்ணே வக்காலத்தா?" என்று. குளியலறையில் வழுக்கி விழும் காட்சிகள் எனக்கும் அருவருப்புதான், அந்தப் பக்கங்களைத் தள்ளிவிடுவேன். லவ் ஹினாவில் அது நிறையவே உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஆணுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று சொல்லாதீர்கள். பிஸ்கோ ஹடோரியின் 'ஊரான்' மங்கா 2002 முதல் 2010 வரை ஒரு பெண்ணைச் சுற்றி ஆறு பையன்களைச் சுற்ற விட்டது. பெண்கள் பத்திரிகையில்தான் வந்தது, சக்கைப்போடு போட்டது.

கடைசியில் யாரைக் கட்டுவான் என்பதற்காகத்தான் படிக்கிறார்கள் என்பதும் எனக்கு ஒட்டவில்லை. சண்டை நடக்கிறது, மறுக்கவில்லை. 'நிசெகோய்' என்ற இன்னொரு ஹாரெம் மங்காவின் கதாபாத்திர வாக்கெடுப்பில் ஒரே வாசகர் ஒரு பெண்ணுக்காக ஆயிரத்துக்கும் மேல் ஓட்டு அனுப்பினார். போகுபென்காரர் இந்த வம்பே வேண்டாம் என்று ஐந்து பெண்களுக்கும் ஐந்து முடிவு எழுதிவிட்டார். எனக்கு முடிவு வந்தாலே வருத்தம். ஒருத்தி ஜெயித்ததும் வீடு காலியாகிறது, எல்லோரும் பெட்டியைத் தூக்குகிறார்கள். ஒன்றும் முடிவாகாமல் எல்லோரும் ஒரே கூடத்தில் கத்திக்கொண்டிருக்கும் நடுத் தொகுதிகள்தான் நான் திரும்பத் திரும்ப எடுப்பவை.

நான் பிறகு பாஸ் ஆனேன். அதற்கும் மங்காவுக்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து மாணவர்கள் இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு முயன்று பார்க்க ஆசை இருந்தால் ஐந்து சகோதரிகளில் தொடங்குங்கள். 2020இல் முடிந்துவிட்டது, அதுவும் 14 தொகுதிகள்தான். முதல் அத்தியாயத்திலேயே கல்யாணத்தைக் காட்டிவிடுவார்கள், மணப்பெண் யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள், சொல்ல மாட்டேன்.