பழைய காதல் பிரிவுப் பாட்டுகளை ஒரு பாப் சிங்கர் திரும்பப் பாடி ஆல்பம் போட்டா அது வெறும் ரீமேக் தானே, அதுல கேக்க என்ன இருக்கு?

நிறைய இருக்குங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆல்பத்தை வச்சு சொல்றேன், பல வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கிறது, லிண்டா ரான்ஸ்டாட் 1983ல போட்ட 'வாட்ஸ் நியூ'.

அப்ப அந்தம்மா அமெரிக்காவுல பெரிய ராக் ஸ்டார், ஆல்பம் போட்டா லட்சக்கணக்குல விக்கும். அந்த நேரத்துல போய் 1920, 30, 40கள்ல வந்த பாட்டுகளைப் பாடணும்னு நின்னாங்க. ரெக்கார்ட் கம்பெனிக்கு சுத்தமா இஷ்டம் இல்ல, இத்தன வருஷம் சேத்த பேரு போயிடும்னு பயம். அதுக்கு முன்னாடியே ஒருதடவை வேற புரொட்யூசரோட இந்த மாதிரி பாட்டுகளை ரெக்கார்ட் பண்ணி, சரியா வரலன்னு மொத்தத்தையும் ஓரங்கட்டி வச்சிருந்தாங்க. அப்பயும் விடாம நெல்சன் ரிடிலைத் தேடிப் போனாங்க. 1950கள்ல ஃபிராங்க் சினாட்ரா, நாட் கிங் கோல், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு இவங்களுக்கெல்லாம் ஆர்க்கெஸ்ட்ரா எழுதிக் குடுத்த மனுஷன் அவர், 1983ல வயசாகி, ராக் வந்தப்புறம் அவ்வளவா யாரும் தேடாம இருந்தாரு. ஆல்பம் வந்து அமெரிக்காவுல மட்டும் 30 லட்சத்துக்கு மேல வித்துச்சு, சார்ட்ல மூணாவது எடம், மேல இருந்தது மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும்!

சரி கேள்விக்கு வர்றேன். ரீமேக்னா என்ன பண்ணுவாங்க, பழைய பாட்டை எடுத்து இன்னிக்கு ஓடுற பீட்டை அடியில சொருகி, நடுவுல நாலு வரி ராப் போட்டு விடுவாங்க. இதுல அது எதுவுமே இல்ல. டிரம் மெஷின், சிந்தசைசர்னு எல்லாரும் ஓடிக்கிட்டிருந்த 1983ல இவங்க நெசமான வயலின், செல்லோ, புல்லாங்குழல்னு முழு ஆர்க்கெஸ்ட்ராவ உக்கார வச்சுப் பாடியிருக்காங்க. பாட்டைத் தன் காலத்துக்கு இழுக்காம தான் எழுந்து அந்தப் பாட்டோட காலத்துக்குப் போயிருக்காங்க, அதுவும் அட்டைப்படத்துல பழைய காலத்து கவுன் போட்டு சாஞ்சுக்கிட்டு காதுல வாக்மேன் ஹெட்ஃபோனோட. அந்தப் படம் எனக்கு ரொம்பப் புடிக்கும்.

அதவிட பெருசு, பாடுற விதம். ராக் பாட்டுல கூரை பிச்சுக்கிற மாதிரி பாடுற குரல் அது, இங்க அந்த பலத்தையெல்லாம் உள்ள அடக்கி வச்சிருக்காங்க. முதல் பாட்டையே எடுத்துக்கோங்க, பிரிஞ்சு போன காதலனை ரொம்ப நாள் கழிச்சு தற்செயலா பாக்குறா, நல்லாருக்கியா, என்ன விசேஷம், அப்டியேதான் இருக்க மாறவே இல்லன்னு மரியாதைக்கு நாலு வார்த்தை பேசுறா, உன்னைப் போரடிக்கிறேனோன்னு வேற கேக்குறா, கடைசில தான் தெரியுது இவ மனசு அன்னிக்கு விட்ட எடத்துலயே நிக்குதுன்னு. அந்தக் கடைசி வரிய அழுது பாடியிருந்தா பாட்டு செத்துப் போயிருக்கும். அவங்க அத சும்மா சொல்லிட்டுப் போயிடுறாங்க.

அழாம சொல்றது எவ்வளவு கனம்னு எங்க வீட்டுல பாத்திருக்கேன். எங்களுக்குப் பூர்வீகம் பள்ளத்தூர், காரைக்குடி பக்கம். எங்க ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, கல்யாணம் ஆன கொஞ்ச காலத்துலயே ஐயா, எங்க தாத்தா, மலாயாவுக்கு கொண்டு விக்க, அதான் வியாபாரம் பண்ணப் போயிட்டாக, மூணு வருஷக் கணக்கு முடிச்சு வரவேண்டியவுக, அதுக்குள்ள 1942ல ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் புடிச்சிட்டான், கடுதாசி நின்னு போச்சு. சண்டை முடியிற வரைக்கும் ஆள் இருக்காகளா இல்லையான்னே தெரியாது. ஐயா திரும்பி வந்தாக, அது வேற விஷயம். ஆனா அந்த வருஷங்களைப் பத்தி ஆயா பேசும்போது அரிசி வெல சொல்ற அதே குரல்ல தான் சொல்லுவாக, பட்டாலையில மாட்டியிருந்த ஐயா போட்டோவைத் தினமும் தொடச்சேன்னு மட்டும்.

இந்த ஆல்பத்துல இர்விங் பெர்லின் 1923ல எழுதுன 'வாட்டில் ஐ டூ' இருக்கு. நீ தூரமா இருக்கும்போது நான் என்ன பண்ணுவேன், என் கஷ்டத்தைச் சொல்ல உன் போட்டோ மட்டும்தான் இருக்குன்னு வரும். பாட்டு முழுக்க கேள்விதான், பதிலே கிடையாது. ஒருநாள் வளவுல உக்காந்து நான் இத ஸ்பீக்கர்ல போட்டிருந்தப்ப ஆயா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இவளுக்கு ஆரு போயிட்டாக?"ன்னு கேட்டாக. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது அவுகளுக்கு. ரிடில் எழுதுன வயலினும் அந்தம்மா அடக்கிப் பாடுனதும் சேந்து அவுக வரைக்கும் போயிருக்கு, இத ரீமேக்னு நான் எப்படி சொல்லுவேன் சொல்லுங்க.

குறையும் சொல்லிடுறேன். ஒன்பது பாட்டுமே பிரிவு இல்ல, ரெண்டு மூணு பாட்டு காதல் வந்த சந்தோஷத்துல இருக்கிறவங்க பாடுறது, அது என்னை அவ்வளவா தொடல. வேகமும் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி மெதுவா போகும், பொறுமை வேணும்.

எனக்கு ஒரு தீராத ஆசை இருக்கு. கண்ணதாசன் பொறந்த சிறுகூடல்பட்டி எங்களுக்குப் பக்கம், காரைக்குடியில மணிமண்டபமே இருக்கு, பாட்டுல வார்த்தை எப்படின்னு கேட்டு வளந்த ஊரு இது. அவரு எழுதி விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையமைச்ச அறுபதுகளோட பிரிவுப் பாட்டுகளை, இப்ப பேரோட இருக்கிற ஒரு சிங்கர் எடுத்து, பீட் எதுவும் சேக்காம, நெசமான வயலின் செக்‌ஷனோட ஒரு முழு ஆல்பமா பாடணும். மேடையில ஒண்ணு ரெண்டு பாடுறாங்க, கைதட்டு வாங்குறாங்க, அது போதாது. ரிடில் கூட, ஒண்ணு ரெண்டு பாட்டுக்கு மட்டும் எழுத மாட்டேன், முழு ஆல்பம்னா வர்றேன்னு சொன்னவர்தான். அப்படிப் புடிவாதம் புடிக்கிற ஒருத்தர் நம்ம பக்கமும் வேணும்.

கேக்குறதா இருந்தா ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு வரிசையா கேளுங்க, மொத்தமே நாப்பது நிமிஷத்துக்குள்ள தான், முதல் பாட்டுல ஆரம்பிச்சு கார்டன் ஜென்கின்ஸோட 'குட்பை'ல முடியணும். புடிச்சிருந்தா அடுத்து இதே ரெண்டு பேர் 1984ல போட்ட 'லஷ் லைஃப்', அப்புறம் 1986ல வந்த 'ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்'. அந்த மூணாவதோட வேலை நடக்கும்போதே, 1985 அக்டோபர்ல ரிடில் இறந்துட்டாரு.