சமன்பாட்டில் செய்ததைச் சார்பில் ஏன் செய்யக் கூடாது?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு பெற்றோரும் கேட்டவை. பதில் சொல்பவர் ஊட்டியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை.

கோத்தகிரி மாணவி: மிஸ், 2எக்ஸ் + 6 = 0 என்றால் இரண்டால் வகுத்து எக்ஸ் + 3 = 0 என்று எழுதுகிறோம். எஃப்(எக்ஸ்) = 2எக்ஸ் + 6 என்ற சார்பிலும் அப்படியே வகுத்து எக்ஸ் + 3 என்று எழுதினேன். சுழித்துவிட்டார்கள். ஏன்?

வருஷா வருஷம் நான் திருத்துகிற தப்பு இதுதான் கண்ணு. சமன்பாட்டில் எக்ஸ் யார் என்று தேடுகிறாய். இரண்டு பக்கத்தையும் வகுத்தாலும் ஆள் மாறவில்லை, அதே -3. சார்பில் தேடுவதற்கு யாரும் இல்லை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் என்ன வரும் என்பதுதான் சார்பு. 1 கொடுத்தால் 8 வர வேண்டும். நீ எழுதியதில் 4 வருகிறது. வேறு சார்பாகிவிட்டது! இரண்டும் -3இல் பூச்சியமாவதால் கண் ஏமாறுகிறது. 2(எக்ஸ் + 3) என்று எழுதியிருந்தால் முழு மார்க்.

குன்னூர், வேன் ஓட்டும் ஒரு அப்பா: டீச்சர், எனக்கே புரியவில்லை. பையனுக்கு எப்படிச் சொல்வது?

நீங்கள் தினமும் ஏறுகிற மலையே போதும் அண்ணா. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் சுமார் 326 மீட்டர் உயரம். அங்கே 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து உ மீட்டர் ஏறினால் வெப்பம் 32 - 0.0065உ. ஊட்டி நிலையம் 2,203 மீட்டர், ஏற்றம் 1,877, வெப்பம் ஏறக்குறைய 19.8. வழியில் எங்கே வண்டியை நிறுத்தினாலும் இப்படி ஒரு பதில் உண்டு. இது சார்பு.

‘எந்த இடத்தில் 22 டிகிரி ஆகும், ஸ்வெட்டரை எடுக்கணும்’ என்று பையன் கேட்டால் அது சமன்பாடு: 32 - 0.0065உ = 22. உ சுமார் 1,538. கடல் மட்டத்திலிருந்து 1,864 மீட்டர். குன்னூர் நிலையம் 1,712 மீட்டர்தான், அதையும் தாண்டிய பிறகு.

அதே அப்பா: மதிப்பகம் என்று வேறு எழுதச் சொல்கிறார்களாம்?

10 டிகிரி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். உ சுமார் 3,385 என்று வரும். தொட்டபெட்டா உச்சிக்கே ஏற்றம் 2,311தான். அதற்கு மேல் மலையே இல்லையே! உ எதுவரை போகலாம் என்று சொல்வதுதான் மதிப்பகம்.

கூடலூர் மாணவன்: எஃப்(எக்ஸ்) என்றால் எஃப் பெருக்கல் எக்ஸா?

இல்லை. எஃப் என்பது விதியின் பெயர். ஆய்லர் என்ற கணித அறிஞர் 1734இல் இப்படி எழுத ஆரம்பித்தார்.

கூடலூர் மாணவன்: அப்புறம் மிஸ், எக்ஸ்² - 5எக்ஸ் + 6 வரைபடம் கேட்டால் காரணிப்படுத்தி 2, 3 என்று எழுதுகிறேன். மார்க் வருவதில்லை.

வளைவு கிடை அச்சை வெட்டும் இரண்டு இடத்தை மட்டும் சொல்லியிருக்கிறாய் தம்பி. மற்ற இடமெல்லாம்? 0இலும் 5இலும் 6, இரண்டரையில் -0.25, அதுதான் அடிமட்டம். அதனால் சார்பின் மதிப்பு -1 ஆக வேண்டும் என்று சமன்பாடு போட்டால் மெய்யெண் தீர்வே கிடைக்காது. வரைபடத் தாளில் இந்தப் புள்ளிகளை வைத்து வளைவை ஒருமுறை உன் கையால் போடு.