செல்லையாவுக்கு ஏன் பெண் கொடுக்கவில்லை? ‘கடலுக்கு அப்பால்’ கேள்வி பதில்

இம்மாத நாவல் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வானாயீனா என்கிற வயிரமுத்துப் பிள்ளையிடம் வேலை பார்த்த செல்லையா, இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்து, போர் முடிந்ததும் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். முன்பு அவனையே மருமகனாக நினைத்திருந்த வானாயீனா இப்போது மறுக்கிறார். கதை இவ்வளவுதான். முடிவை இங்கே யாரும் கேட்க வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பதிப்புகளில் உள்ள முன்னுரைகளைக் கடைசியில் படியுங்கள்.

தோ பாயோ வாசகி: சிங்காரத்தின் இரண்டு நாவல்களில் எதை முதலில் படிப்பது?

‘கடலுக்கு அப்பால்’தான். 1959இல் நூலாக வந்தது, கலைமகள் பரிசு பெற்றது, நேரான கதையோட்டம் கொண்டது. 1972இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’ பெரிய படைப்பு. அதை முதலில் எடுப்பவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தின் தலைப்பே ‘கெர்க் ஸ்ட்ராட்’. ஸ்ட்ராட் என்றால் டச்சு மொழியில் தெரு. சுமாத்ரா தீவில் உள்ள மேடான் அன்று டச்சுக்காரர் ஆட்சியில் இருந்தது, 1942 மார்ச்சில் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள். இந்த இரண்டும் தெரிந்தால் பாதித் தடை விலகிவிடும். மலாக்கா நீரிணையின் இரு கரைகளும் தெரியும் ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேடான் இந்தப் பக்கம், பினாங்கு அந்தப் பக்கம். நடுவில் தொங்கான், அதாவது சீனப் பாய்மரக் கப்பல்.

ஈசூன் வாசகர்: நூலகப் பட்டியலில் தேடினால் வரவில்லையே?

தமிழ் எழுத்தில் தேடுங்கள். ஆங்கில எழுத்தில்தான் தேடுவீர்கள் என்றால் ‘எஸ்’ஸோடு நிறுத்தாதீர்கள். நூலக ஒலிபெயர்ப்பு முறையில் சிங்காரம் ஆங்கில ‘சி’ (C) எழுத்தில் தொடங்கும்.

செங்காங் வாசகி: ‘வானாயீனா’ என்பது என்ன பெயர் ஐயா?

அது கடை விலாசம். எழுத்துகளை வானா, மூனா, சூனா என்று உச்சரித்துச் சேர்த்து முதலாளியையும் கடையையும் ஒரே பெயரால் அழைப்பது வழக்கம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கிகளிலும் இதே முறைதான். நாவல் முழுக்க அவரை ஊர் இப்படித்தான் கூப்பிடுகிறது. வீட்டுக்குள்ளும் அவர் கடையாகவே இருக்கிறார் என்பதைப் படிக்கும்போது கவனியுங்கள்.

பிடோக் வாசகர்: பெற்ற மகளின் ஆசையைவிடப் பணம் பெரிது என்று நினைக்கிற மனிதர். வானாயீனா வெறும் வில்லன். இதில் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வட்டித் தொழிலில் ஓர் ஆள் எப்படி மேலே வருவான் என்று முதலில் பாருங்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கூட்டிப் பெருக்கி, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, கணக்கு எழுதப் பழகுவான். பிறகு மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள். பிறகு கடைப் பொறுப்பாளரான மேலாள். ஒரு கணக்கு என்பது பொதுவாக மூன்றாண்டு. அது முடிந்தால் ஊருக்குக் கப்பல் ஏறி, திரும்பி வந்தால் அடுத்த கணக்கு. நீண்ட கூடத்தில் பலகைத் தரை, முன்னால் குட்டை மேசை, பக்கத்தில் பெட்டகம். விடியலிலிருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடன் கேட்டு வருகிறவனிடம் குரலை உயர்த்தாமல் பேச வேண்டும். உடம்பும் நாக்கும் அடங்கிய ஆளுக்குத்தான் பெட்டகச் சாவி. மகளைக் கொடுப்பதும் அந்தச் சாவியைக் கொடுப்பதும் வானாயீனாவுக்கு ஒரே காரியம்.

அப்படிப் பதமாகி வந்த ஒருவன் பேரேட்டை மூடிவிட்டுத் துப்பாக்கி தூக்கினான். ஆணையிட்டுப் பழகினான். நாளைக்கு இவன் மறுபடி பெட்டியடியில் உட்காருவானா என்பதே அவருடைய கேள்வி. அதற்கு அவர் சொல்லும் பதில் கொடுமையானது, ஆனால் அவர் தொழிலுக்குள் நின்று பார்த்தால் பிசகில்லாத கணக்கு.

புக்கிட் பாத்தோக் வாசகி: இது ஆசிரியரின் சொந்தக் கதையா?

இல்லை. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தார், போருக்குப் பின் ஊர் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் பல்லாண்டுகள் இருந்தார். 1997இல் காலமானார். கடையும் தெருவும் பேச்சும் அவர் கண்ணால் கண்டவை. செல்லையா அவர் படைத்த ஆள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: அப்படியென்றால் அவர் ஐஎன்ஏவில் இருந்தவர்தானே?

இல்லை. மேலே பார்க்கவும்.

பிடோக் வாசகர்: தொழில் நியாயம் என்று சொல்லி அந்த அப்பாவைத் தப்பவிடுகிறீர்கள், ஐயா. நாட்டுக்காகப் போனவனை ஒதுக்குவது துரோகம்.

தப்பவிடவில்லை. அவர் செய்தது தவறு என்பதில் உங்களுக்கும் எனக்கும் ஒரே கருத்து. ஆனால் ஒரு கெட்ட அப்பா இருந்தார், அதனால் காதல் கெட்டது என்று முடித்தால் நாவலில் பாதி கையைவிட்டுப் போய்விடும். 1945 செப்டம்பரில் ஒரு வட்டிக்கடைக்காரர் கையில் என்ன இருந்தது? வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு. 10 டாலர் நோட்டில் குலையோடு நிற்குமே, அந்த மரம். பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாது என்றார்கள். போருக்கு முன் வாங்கிய கடனை அந்த நோட்டில் அடைத்தவனின் கணக்கு தீர்ந்ததா இல்லையா என்ற வழக்குக்கு மலாயாவில் 1948இல்தான் சட்டம் வந்தது. மூன்றரை ஆண்டு வரவு குப்பையான மனிதர், போருக்கு முந்திய ஒழுங்கை இரு கையாலும் பிடித்துக்கொள்கிறார். போர் எதையும் மாற்றவில்லை என்று அவர் நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கைக்கு முன்னால் வந்து நிற்கும் எதிர்ச்சாட்சி செல்லையா.

செங்காங் வாசகி: பிடோக் அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஐஎன்ஏ வீரர்களை இந்தியாவே கொண்டாடியதே?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியபோது நாடே எழுந்தது. அவர்கள் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகளாக இருந்தவர்கள். மலாயாவில் சேர்ந்த தமிழர்களில் மிகப் பலர் தோட்டத்திலும் கடையிலும் வேலை செய்த சாதாரண மக்கள். அவர்களுக்கு விசாரணையும் இல்லை, மாலையும் இல்லை. சீருடையைக் கழற்றிவிட்டுப் பழைய வேலையைத் தேடிப் போனார்கள். டில்லியில் வீரன், பினாங்கில் வேலையில்லாத அடுத்தாள். செல்லையாவின் கசப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பிடோக் வாசகரே, துரோகம் என்ற சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை ஒரு மனிதர் தலையில் மட்டும் வைக்காதீர்கள்.

ஜூரோங் வாசகர்: ஹெமிங்வேயின் ‘ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ போல இருக்கிறதே? தழுவலா?

தழுவல் இல்லை. போரும் காதலும் கசப்பும் பொது, அவ்வளவே. 1929இல் வந்த அந்த நாவலில் கேதரின் பிரசவத்தில் இறக்கிறாள், ஹென்றி மழையில் தனியே நடக்கிறான். மரணம் வந்து கதையை முடித்துக் கொடுக்கிறது. இங்கே அந்த வசதி இல்லை. இருவரும் உயிரோடு, ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில். எனக்கு இதுதான் கூடுதலாக வலிக்கிறது.

தெம்பனிஸ் வாசகர்: நேதாஜி உண்மையில் விமான விபத்தில்தான் இறந்தாரா?

இந்த அமர்வின் பொருள் அது அல்ல. 1945 ஆகஸ்ட் 18 விபத்துச் செய்தி வந்தது, படை தலையில்லாமல் போனது. நாவலுக்கு அது போதும்.

தொடக்கக்கல்லூரி மாணவர்: கட்டுரைக்கு ஒரு பக்கச் சுருக்கம் தர முடியுமா?

தரமாட்டேன் தம்பி. சுருக்கத்தை வைத்து எழுதினால் ‘காதல் தோல்விக் கதை’ என்றுதான் எழுதுவாய். மூன்று வகை இடங்களைக் குறித்துக்கொண்டு படி: வானாயீனா கணக்கு, வட்டி, கடை பற்றிப் பேசும் இடங்கள், செல்லையாவின் படை நினைவுகள், நண்பன் மாணிக்கத்தோடு அவன் பேசும் பேச்சு. முதலாவதையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இருவரும் ஒரே தமிழில் பேசுகிறார்கள், ஆனால் ‘ஆள்’ என்பதற்கு இருவருக்கும் பொருள் வேறு. கட்டுரையை அங்கே தொடங்கு.

பாசிர் ரிஸ் வாசகர்: இது உண்மைக் கதைதானே?

மூன்றாம் முறை: இல்லை. பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கிளமெண்டி வாசகி: சிங்கப்பூரில் இந்த நாவலோடு தொடர்புடைய எதையாவது போய்ப் பார்க்கலாமா?

கதை பினாங்கில் நடந்தாலும் செல்லையாவின் படை உருவெடுத்தது இங்கே. தோபி காட்டில் இறங்கினால் கேத்தே. 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுபாஷின் தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது அங்கேதான், பழைய முகப்பு நிற்கிறது. பிறகு சிட்டி ஹால். அதன் எதிரே பாடாங், 1943 ஜூலை 5 அன்று படை அணிவகுத்த திடல். திடலைத் தாண்டி எஸ்பிளனேட் பூங்காவுக்குள் போங்கள். இறந்த வீரர்களுக்கு அங்கே நினைவுச் சின்னம் எழுப்ப 1945 ஜூலை 8 அன்று சுபாஷ் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று சொற்கள் அதில் இருந்தன. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தைக் குறிக்கும் பலகை 1995இல் வைத்தது. மார்க்கெட் ஸ்திரீட்டுக்கும் போகலாம், ஆனால் கிட்டங்கிகள் ஒன்றும் மிஞ்சவில்லை.