யாரும் திட்டாத இனவாதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். சென்ற மாதக் கட்டுரையொன்றில் ‘அமெரிக்காவில் இனவாதம் ஒழிந்துவிடவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறது’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

டல்லாஸில் நீண்டகாலமாக வசிக்கிறேன். மென்பொருள் துறை. இதுவரை நிறத்தைச் சொல்லி என்னை யாரும் அவமதித்ததில்லை. நாங்கள் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்தான் எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். கறுப்பினத்தவர் ஒருவர் இரண்டு முறை அதிபராகவே இருந்துவிட்டார். சட்டத்தில் பாகுபாடு இல்லை. இதற்குப் பிறகும் ‘நுட்பமான இனவாதம்’ என்று பேசுவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டி எல்லோரையும் குற்றவாளியாக்குவது அல்லவா? எங்கள் அலுவலகத்தில் இதற்கென ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி வேறு நடக்கிறது. எதைச் சொன்னாலும் யாராவது புண்பட்டுவிடுகிறார்கள்.

என் மகள் மருத்துவம் படிக்கிறாள். மருத்துவத்திலேயே இனவாதம் இருக்கிறது என்கிறாள். இரத்தப் பரிசோதனை ஓர் எண்ணைத் தருகிறது, எண்ணுக்கு ஏது நிறம் என்று கேட்டேன். சண்டையாகிவிட்டது. நாமெல்லாம் படித்து, உழைத்து முன்னேறவில்லையா? யாருடைய மனவருத்தத்தையும் சாட்சிக்கு அழைக்காமல், இப்படி ஒன்று இருக்கிறது என்று உங்களால் காட்ட முடியுமா?

அன்புடன்,
எஸ்., டல்லாஸ்

*

அன்புள்ள எஸ்.,

கடைசியாகக் கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் கேட்டபடியே மனவருத்தங்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பேசுவோம்.

உங்களை யாரும் அவமதிக்கவில்லை என்பதை முழுமையாக நம்புகிறேன். ஆனால் அது இந்த வழக்கில் சாட்சியமாகாது. ஏன் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் (இரண்டாமவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்றவர்) 2001, 2002 ஆண்டுகளில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். விண்ணப்பதாரர் எல்லோரும் கற்பனை. படிப்பையும் அனுபவத்தையும் கவனமாக எழுதிவிட்டு, மேலே இடவேண்டிய பெயரை மட்டும் குலுக்கலில் விட்டார்கள். சிலவற்றுக்கு எமிலி, கிரெக் போன்ற பெயர்கள். சிலவற்றுக்கு லகீஷா, ஜமால் போன்று கறுப்பினத்தவர் பெரிதும் வைத்துக்கொள்ளும் பெயர்கள். வெள்ளையர் பெயருக்கு ஏறத்தாழ 10 விண்ணப்பங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினப் பெயருக்கு 15 அனுப்ப வேண்டியிருந்தது.

இப்போது ஜமாலின் இடத்தில் உண்மையிலேயே ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவனை யார் அவமதித்தார்கள்? ஒருவரும் இல்லை. தொலைபேசி ஒலிக்கவில்லை, அவ்வளவுதான். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது ஒலிப்பதில்லை. எமிலிக்கும் பத்தில் ஒன்பது முறை ஒலிக்கவில்லை. தனக்கு நேர்ந்தது இனப் பாகுபாடா, வெறும் துரதிர்ஷ்டமா என்பதை அவன் வாழ்நாள் முழுக்கத் தெரிந்துகொள்ள முடியாது. விண்ணப்பத்தை ஒதுக்கிவைத்த மேலாளருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம், பக்கத்து வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவராகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் எண்ணிப்பார்த்தால்தான் இது கண்ணில் படுகிறது. தனிமனிதர் எவருடைய அனுபவத்தைக் கேட்டாலும், உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இதற்கு விடை கிடைக்காது.

அதே ஆய்வில் இன்னும் இரண்டு முடிவுகள் உண்டு. ‘அனைவருக்கும் சமவாய்ப்பு அளிக்கும் நிறுவனம்’ என்று விளம்பரத்தில் அச்சிட்டிருந்தவர்களும் மற்றவர்கள் அளவுக்கே பாகுபாடு காட்டினார்கள். அடுத்தது, படித்து உழைத்து முன்னேறுவது பற்றிய உங்கள் கேள்விக்கு நேராக வருவது. விண்ணப்பத்தின் தரத்தை உயர்த்தி, கூடுதல் அனுபவமும் சான்றிதழ்களும் சேர்த்தபோது வெள்ளையர் பெயர்களுக்கு அழைப்புகள் நன்றாகக் கூடின. கறுப்பினப் பெயர்களுக்குக் கூடியது மிகக் கொஞ்சம். உழைப்பு எல்லோருக்கும் பயன் தருகிறது என்பது சரி. எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் தருகிறது என்று எடுத்துக்கொள்ள இதில் இடமில்லை.

இனி மகளோடு உங்களுக்கு வந்த சண்டைக்கு வருகிறேன். என் ஓட்டு அவளுக்குத்தான்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். ஆகவே தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து ஒரு சமன்பாட்டில் கணிக்கிறார்கள். 2000-களில் அமெரிக்காவில் பரவலான சமன்பாட்டில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் வரும் விடையை 1.21-ஆல் பெருக்க வேண்டும் என்றிருந்தது. 2009-இல் வந்த திருத்தத்தில் அது 1.16 ஆனது. ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியாட்டினின் உள்ள இருவரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்றால், அவருடைய சிறுநீரகம் காகிதத்தில் 16 சதவீதம் ஆரோக்கியமாகிவிடும்.

காகிதத்தில் ஆரோக்கியமாக இருப்பதில் என்ன நட்டம் என்று தோன்றலாம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான அமெரிக்கக் காத்திருப்புப் பட்டியலில், டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பே காலக்கணக்கு ஓட வேண்டுமென்றால் அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். வெள்ளைக்காரருக்கு 18 வருகிறது, கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. அதே இரத்தம் கறுப்பினத்தவருடையது என்றால் 18 பெருக்கல் 1.16, ஏறத்தாழ 21. வீட்டுக்குப் போய் இன்னும் கெட்டுப்போனபின் வரவேண்டும். தாய் வெள்ளையர், தந்தை கறுப்பினத்தவர் என்றால் எந்தக் கட்டத்தில் குறியிடுவது? சமன்பாட்டில் அதற்கு வழியில்லை. வரவேற்பு மேசையில் யாரோ நிரப்பிய படிவம் அதைத் தீர்மானித்தது.

இதை எழுதியவர்கள் வெறுப்பாளர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்களின் தரவில் அந்த வேறுபாடு இருந்தது. சில நோய்களில் மருந்தின் அளவைச் சரியாக முடிவுசெய்ய அது உதவும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள், இந்த வாதத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. என் கோபம் தரவுக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தின்மீது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம், ஆகவே கிரியாட்டினினும் அதிகம் என்றார்கள். மெலிந்த மூதாட்டிக்கும் குத்துச்சண்டை வீரருக்கும் ஒரே பெருக்கல். தசைதான் காரணமென்றால் தசையை அளந்திருக்கலாம். தசைக்குப் பதிலாக இனம் போதும் என்று ஏன் தோன்றியது, தோன்றிய பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏன் பெரும்பாலானோருக்கு அது உறுத்தவில்லை? நீங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்வதை நான் இந்த உறுத்தாமையில் பார்க்கிறேன்.

2021-இல் இனம் சேர்க்காத சமன்பாடு பரிந்துரைக்கப்பட்டது. 2023-இல், பழைய கணக்கால் தாமதமான கறுப்பின நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, இழந்த காத்திருப்புக் காலத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கும்படி மாற்றுச் சிகிச்சை மருத்துவமனைகளுக்கு உத்தரவானது. ஆயிரக்கணக்கானோருக்கு அப்படிச் சேர்க்கப்பட்டது. அதற்குள் இறந்துபோனவர்களுக்கு எதைச் சேர்ப்பது?

நுரையீரலின் கதை இதைவிடப் பழையது. ஊதிப்பார்த்து நுரையீரல் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமீட்டர் 1840-களில் லண்டனில் உருவானது. அதை அமெரிக்கத் தென்மாநிலங்களின் அடிமைகள்மீது பயன்படுத்தியவர்களில் ஒருவர் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். கறுப்பினத்தவரின் நுரையீரல் ஐந்தில் ஒரு பங்கு குறைபாடுடையது, கட்டாய உழைப்புதான் அவர்கள் இரத்தத்துக்கு உயிரூட்டுகிறது என்று எழுதினார். அடிமைகள் தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று சொல்லி, 1851-இல் அதற்குக் கிரேக்கச் சொற்களால் பெயர் சூட்டியவரும் இவர்தான். அந்த நோய்ப்பெயர் இன்று கேலிக்குரியதாகிவிட்டது. நுரையீரல் சிறியது என்ற கருத்துக்கு மட்டும் நீண்ட ஆயுள் வாய்த்தது. வறுமை, புகை, ஊட்டக்குறைவு, சிறுவயதுத் தொற்றுநோய்கள் எல்லாம் நுரையீரலைச் சுருக்கும் என்று தெரிந்த பிறகும், கருவியின் மென்பொருளில் இனத்திருத்தம் தொடர்ந்தது. கறுப்பினத்தவர் என்றால் ‘இயல்பு’ அளவு 10 முதல் 15 சதவீதம் குறைவாக எடுத்துக்கொள்ளப்படும். சுரங்கத்திலோ ஆலையிலோ நுரையீரல் கெட்ட தொழிலாளி, தன் இனத்துக்கு இது இயல்புதான் என்று கருவி சொன்னால் எந்த இழப்பீட்டைக் கேட்பார்? அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் இனத்தைக் கணக்கில் எடுக்காத சமன்பாட்டைப் பரிந்துரைத்தது 2023-இல்.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆசியர் என்று குறித்தால் அமெரிக்கக் கருவிகள் 4 முதல் 6 சதவீதம் கழித்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டல்லாஸ் மருத்துவமனையில் அந்தக் குழாயில் நீங்கள் ஊதியிருந்தால், மிகுந்த மரியாதையோடு உங்கள் நுரையீரலும் கொஞ்சம் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கலாம்.

சரி, படிவத்திலிருந்து இனம் என்ற கட்டத்தையே எடுத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு தேவை என்று கணிக்க அமெரிக்க மருத்துவமனைகள் பெருமளவில் பயன்படுத்திய ஒரு மென்பொருளை 2019-இல் ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தவர்களில் முன்பு சொன்ன முல்லைநாதனும் ஒருவர். அதற்கு இனம் உள்ளீடாகத் தரப்படவே இல்லை. நோயின் தீவிரத்தை அளப்பதற்குப் பதிலாக, ஒருவருக்கு ஆகப்போகும் மருத்துவச் செலவை அது கணித்தது. அதே அளவு நோயுள்ள கறுப்பினத்தவருக்குச் செலவு குறைவு; ஏனென்றால் அவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையே குறைவு. குறைவாகச் செலவானதால் நலமாக இருக்கிறார்கள் என்று மென்பொருள் முடிவுகட்டியது. இந்தப் பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். நீங்கள் மென்பொருள்காரர். எதை அளக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, கைக்கு எளிதாகக் கிடைக்கும் வேறொன்றை அளக்கும் பழக்கம் உங்கள் துறையில் எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொரோனா காலத்தில் நம் வீடுகளிலும் விரலில் மாட்டிப்பார்த்த ஆக்சிமீட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவமனை என்று குடும்பங்கள் அந்தச் சிறு திரையையே பார்த்துக்கொண்டிருந்தன. அது தோல்வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. கருமையான தோலில் உண்மையைவிடக் கூட்டிக்காட்டக்கூடும். 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது இரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். இந்தப் பிழையைப் பற்றிய ஆய்வு 1990-லேயே வந்திருக்கிறது. 2013-இல் அமெரிக்க அரசின் வழிகாட்டுதல், ஒரு கருவியைக் குறைந்தது 10 பேரிடம் சோதிக்கச் சொன்னது. அதில் கருந்தோல் உடையவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும். நம்மூர் விரல்களை நினைத்துக்கொண்டு அந்த ‘இரண்டு பேர்’ என்பதைப் படியுங்கள்.

அலுவலகப் பயிற்சியைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. அவற்றில் பல வெறும் சடங்குகள். ஒரு மணிநேரப் படம், பத்துக் கேள்வி, சான்றிதழ். நிறுவனத்தின் மேல் வழக்கு வந்தால் காட்டுவதற்கு உதவும். தவறாக உச்சரித்த ஒரு பெயருக்காகச் சக ஊழியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உற்சாகமும் எனக்கு ஒவ்வாது. அந்த உற்சாகத்தில் பெருக்கல் எண்களும் மென்பொருளும் தப்பித்துவிடுகின்றன.

‘நாமெல்லாம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டார். அன்று குடியேறியவர் குடியுரிமை பெற வெள்ளையராகவோ ஆப்பிரிக்க வம்சாவளியினராகவோ இருக்க வேண்டும். அவர் தரப்பு, தாம் உயர்சாதி ஆரியர் என்றும், அமெரிக்கர் கறுப்பினத்தவரைப் பார்ப்பதுபோலத்தான் உயர்சாதியினரும் இந்தியப் பழங்குடிகளைப் பார்க்கிறார்கள் என்றும் வாதாடியது. (நம் ஆட்கள் எதையெல்லாம் கையோடு கொண்டுபோனார்கள் பாருங்கள்.) 1923-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது, சாதாரண மனிதரின் கண்ணில் நீங்கள் வெள்ளையர் அல்லர் என்றது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. இந்தியர் பெருமளவில் வர வழிசெய்த 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவரின் சமவுரிமைப் போராட்டம் உண்டாக்கிய அரசியல் சூழலில், பாகுபாட்டைத் தடைசெய்த 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு மறு ஆண்டில் வந்தது. நம்மவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. உழைக்க உள்ளே விட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மகளிடம் சண்டையைத் தொடருங்கள், அதில் தவறில்லை. சிறுநீரகச் சமன்பாட்டை மாற்றும்படி முதலில் குரல் எழுப்பியவர்களில் மருத்துவ மாணவர்கள் கணிசமானவர்கள். வகுப்பில் ‘ஏன் பெருக்க வேண்டும்?’ என்று கேட்டு, தசையைப் பற்றிய பதிலில் திருப்தியடையாதவர்கள். அவள் பயிற்சி பெறும் மருத்துவமனையில் ஸ்பைரோமீட்டரில் இப்போது ஓடுவது பழைய சமன்பாடா புதியதா, அங்கே வாங்கும் ஆக்சிமீட்டர்கள் எத்தனை கருந்தோல்களில் சோதிக்கப்பட்டவை என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கருவியின் கையேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தயாரித்தவர்களுக்கு அவள் எழுதிக் கேட்கலாம். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்