கைடு சொல்வதும் கவிதை சொல்வதும்

தமிழ் வழியில் படித்துவிட்டு பி.காம். முதலாண்டு சேர்ந்திருக்கிறீர்கள், ஆங்கிலப் பேராசிரியர் நோட்ஸ் தராமல் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்பதால் வகுப்புக்குப் போகவே பயம் என்கிறீர்கள். தயவுசெய்து மட்டம் போடாதீர்கள். அந்த வகுப்பில் கிடைக்கக்கூடிய பெரிய விஷயமே அந்தக் கேள்விதான்.

நீங்கள் சொன்ன, அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதையையே எடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த பாதையைத் துணிந்து தேர்ந்தெடு என்பதுதான் கருத்து என்று கைடு சொல்லும். ஆனால் 9, 10-ஆம் வரிகளைப் பாருங்கள்: காட்டில் பிரிகிற இரண்டு பாதையுமே ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருக்கின்றன. குறைவாக நடந்த பாதை என்ற பேச்சு, பல காலம் கழித்து நான் இப்படிச் சொல்வேன் என்று கடைசிப் பத்தியில் வருவது. முடிவை எடுத்துவிட்டு, அதற்குக் காரணத்தைப் பிறகு தேடுகிறாரோ கவிதையில் பேசுபவர்? இப்படிக் கேட்டுப் பழகினால் வாட்ஸ்அப்பில் வருவதைக்கூட அப்படியே நம்ப மாட்டீர்கள்.

வகுப்புக்கு முந்தின நாளே கவிதையின் 20 வரியையும் மூன்று தடவை வாசியுங்கள்: அகராதி இல்லாமல், அகராதியோடு, பிறகு வாய்விட்டு. உறுத்துகிற ஒரு வரியைக் குறித்து, ஏன் என்று தமிழிலேயே இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அப்புறம் ஆங்கிலத்தில். எடுத்த எடுப்பிலேயே ஆங்கிலத்தில் எழுதினால், தெரிந்த வார்த்தைகளின் அளவுக்குக் கருத்தும் சுருங்கிவிடும். கைடைக் கடைசியில் திறங்கள்.