பிராங்க் (இன்றைய பிரான்ஸ் பகுதியை ஆண்ட பழைய ஜெர்மானிய இனம்) காலத்து நகையை யார் தோண்டி எடுத்தால் என்ன, நகை கெடாமல் கிடைத்தால் போதாதா?

போதாது. தங்கத் தகட்டில் சின்னச் சின்ன அறைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்புக் கார்னெட் கல் பதித்த உடை ஊசிகள் அவை. கல்லுக்கு அடியில் கட்டம் கட்டமாக அழுத்திய தங்கத்தாள் இருப்பதால் கல் கனல்போல் ஒளிரும். அந்தக் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை!

கல்லறையில் ஊசி எலும்புக்கூட்டின் தோளில் கிடந்ததா, இடுப்பிலா, பக்கத்தில் என்ன நாணயம் இருந்தது என்பதை வைத்துத்தான் காலமும் அணிந்த விதமும் தெரியவரும். மெட்டல் டிடெக்டரோடு போய்ப் பிடுங்கினால் அதெல்லாம் போச்சு. பிரான்சில் தொல்பொருளை அனுமதியின்றி அப்படித் தேடுவது சட்டவிரோதம்.

1653இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில் கட்டட வேலையின்போது அகப்பட்ட பிராங்க் மன்னர் சில்டெரிக்கின் கல்லறைப் புதையல், 1831இல் பாரிஸ் நூலகத்தில் திருடுபோய்ப் பெரும்பகுதி உருக்கப்பட்டது. இருந்தும் அதைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறதென்றால், 1655இலேயே ஷிஃப்லே என்ற மருத்துவர் படங்களோடு நூல் வெளியிட்டிருந்ததுதான் காரணம்.